வார்டில் யாரும் கிலோமீட்டர் கேட்கவில்லை

வேலூரிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் போனோம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "மொத்தம் எத்தனை கிலோமீட்டர்?" ஏறத்தாழ 700. ஓட்டியவர்கள் காலோ கையோ இல்லாதவர்கள் என்று தெரிந்ததும் அடுத்தது, "வலிக்கலையா?" இரண்டுக்கும் பதில் சொல்லி வாய் பழகிவிட்டது. ஆனால் யாருக்காகக் கிளம்பினோமோ அவர்கள், அதாவது ஆஸ்பத்திரி வார்டுகளில் புதிதாகக் காலை எடுத்துவிட்டுப் படுத்திருந்தவர்கள், இந்த இரண்டையும் கேட்கவே இல்லை. அவர்கள் கேட்டது முழுக்க வேறு. அந்தக் கேள்விகளையும், வழியில் எங்களைக் காப்பாற்றிய சில பழக்கங்களையும் எழுதி வைக்கிறேன். அடுத்துக் கிளம்புகிறவர்களுக்குப் பயன்படும்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ராணிப்பேட்டையில் லேத் பட்டறை வேலை. பைக்கில் போகும்போது லாரி அடித்ததில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் எங்களை 'பி.கே.' என்பார்கள்; முழங்காலுக்கு மேலே எடுத்தவர்கள் 'ஏ.கே.' எங்கள் குழுவில் ஒரு ஏ.கே. தம்பி இருந்தான், போளூர்ப் பக்கம். ஆரணியைச் சேர்ந்த ஒரு தங்கை. கரும்பு ஜூஸ் மெஷினில் வலது கை முழங்கைக்குக் கீழே போனவள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். சர்க்கரை நோயில் முதலில் ஒரு விரல், பிறகு பாதம், பிறகு கால் என்று படிப்படியாக இழந்தவர். பின்னால் குட்டி யானையில் சாமான்களோடு என் மச்சான். அவனுக்குக் கையும் காலும் முழுசாக இருக்கின்றன, அதனாலேயே அவனுக்கு வேலை அதிகம்.

யோசனை எங்களுடையது அல்ல. கானாவின் இம்மானுவேல் ஒஃபோசு யெபோவாவைப் பலருக்கும் தெரிந்திருக்கும். வலது கால் பிறவியிலேயே வளர்ச்சியில்லாதவர். பிச்சை எடுக்க மறுத்து அக்ராவில் ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்தவர். 2001இல் ஒற்றைக் காலால் தன் நாட்டின் குறுக்கே சைக்கிள் ஓட்டினார். நமக்குப் பக்கத்தில் ஐதராபாத்தின் ஆதித்ய மேத்தா இருக்கிறார், முழங்காலுக்கு மேலே காலை இழந்தவர். அவருடைய அறக்கட்டளையைச் சேர்ந்த மாற்றுத்திறனாளி சைக்கிள் வீரர்கள் 2020இல் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை வந்தார்கள். அவர்களோடு பார்த்தால் எங்களுடையது சின்னப் பயணம். எங்களில் யாரும் வீரர்கள் இல்லை. வழியில் இருக்கும் ஆஸ்பத்திரிகளில் நின்று நோயாளிகளைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் திட்டம்.

வேலூரை ஒட்டிய பாகாயத்திலிருந்து கிளம்பலாம் என்று சொன்னவர் ஆசிரியர். சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மறுவாழ்வு நிலையம் 1966இலிருந்து அங்கே இயங்குகிறது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு வேன் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். அதற்குப் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், அதற்குப் பிறகுதான் இந்தத் துறைக்கே வந்தார். எங்கள் ஊர்க்காரர்கள் அந்தச் சுவரைத் தாண்டித் தினமும் பஸ்ஸில் போகிறோம், பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியாது.

இனி சைக்கிள் சமாச்சாரம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கடைக்காரர்கள் சொல்லித் தர மாட்டார்கள்.

செயற்கைக் கால் போட்டு ஓட்டும்போது முதலில் தொந்தரவு தருவது பெடல் மேலே வரும் இடம். முழங்கால் நன்றாக மடங்கும்போது சாக்கெட்டின், அதாவது மிச்சக் கால் உள்ளே உட்காரும் கூட்டின், பின்விளிம்பு தொடையின் அடித்தசையில் குத்தும். நாலு கிலோமீட்டரில் தெரியாது, நாற்பதாவது கிலோமீட்டரில் தோல் உரிந்திருக்கும். வழி இரண்டு. கால் செய்து கொடுத்தவரிடம் போய்ப் பின்விளிம்பைக் கொஞ்சம் இறக்கித் தரச் சொல்லலாம்; நீங்களே ராவி எடுக்கக் கூடாது, பிடிப்பு போய்விடும். அல்லது அந்தப் பக்கத்துக் கிராங்கை, அதாவது பெடல் மாட்டியிருக்கும் இரும்புக் கையை, குட்டையாக்கலாம். சாதாரணக் கிராங்க் 170 மில்லிமீட்டர் இருக்கும். நான் இடது பக்கம் மட்டும் ஒரு இரும்புத் தகட்டைப் பொருத்தி, 150க்குப் பெடலை உள்ளே கொண்டுவந்தேன். வட்டம் சின்னதானதும் முழங்கால் அவ்வளவு மடங்க வேண்டியதில்லை. இதைச் செய்யும் பட்டறைக்காரரிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: இடது பெடலின் மரை தலைகீழ். மரை வெட்ட வழக்கமான டேப்பைப் போட்டு ஓட்டினால் இடது பெடல் அதில் ஏறாது; வலது பெடலை மாட்டினால் மிதிக்க மிதிக்கக் கழன்று வரும்.

பாதம் எங்கே உட்கார வேண்டும் என்பது அடுத்தது. நல்ல காலில் விரலடிப் பகுதியால் மிதிக்கிறோம். செயற்கைப் பாதத்துக்குக் கணுக்கால் வேலை செய்யாது, விரல் பக்கத்தால் மிதித்தால் பாதம் வளைந்து பலம் வீணாகும். பாதத்தின் நடுப்பகுதி பெடலின் அச்சுக்கு நேரே வரட்டும். பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூவைச் செயற்கைக் காலுக்குப் போடாதீர்கள் என்பது என் கருத்து; போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பழகியவர்கள். கழற்றக் குதிகாலைத் திருப்ப வேண்டும், திருப்பினால் சில நேரம் பெடலுக்குப் பதிலாக சாக்கெட்டுக்குள் கால் திரும்புகிறது. கழன்றதா இல்லையா என்று உணர அங்கே நரம்பும் இல்லை. அகலப் பெடலில் ஒரு சின்ன விளிம்பு வைத்து வெல்டிங் செய்துகொண்டேன். பாதம் வழுக்காது, விழும்போது தானாக வெளியே வந்துவிடும்.

ஏ.கே. தம்பிக்கு இது எதுவும் பொருந்தாது. அவன் செயற்கைக் காலைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டு ஒற்றைக் காலால்தான் ஓட்டுவான். முழங்கால் மூட்டு சொந்தமாக இல்லாதபோது செயற்கைக் கால் பெடலில் சும்மா சுற்றி வரும் சுமைதான். அவனுக்கு இடது கிராங்கையே கழற்றிவிட்டோம். வலது காலுக்கு மட்டும் பூட்டும் ஷூ கட்டாயம், ஏனென்றால் ஒற்றைக் கால்காரர் மிதித்தால் மட்டும் போதாது, கீழே போன பெடலை மேலே இழுக்கவும் வேண்டும். கீழே ஒரு இடத்தில் சைக்கிள் செத்த மாதிரி நிற்கும். அதைத் தாண்ட லேசான கியரில் வேகவேகமாகச் சுற்றுவதுதான் வழி. கனமான கியரில் மெதுவாக மிதித்தால் முழங்கால் ஒரு வாரத்தில் கெட்டுவிடும். இருக்கும் ஒரு முழங்காலைப் பாழாக்கிக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை. கிளம்புவதும் நிற்பதும் அவனுக்குத் தனி வித்தை. நடைபாதைத் திட்டு, மைல்கல், பஸ் நிறுத்தத் திண்ணை என்று ஏதாவது உயரமான இடத்தைப் பார்த்து நிறுத்துவான். ஊன்றுகோல் இரண்டும் பிரேமோடு கிளிப் போட்டு மாட்டியிருந்தன. வண்டி பின்னால் வரும்தான், ஆனால் ஒற்றைக் கால்காரரை ஊன்றுகோல் இல்லாமல் ரோட்டில் விடக் கூடாது.

தங்கையின் சைக்கிளில் இரண்டு பிரேக்கையும் இடது கைப் பிடிக்கே கொண்டுவந்தோம். ஒரே லீவர் இரண்டு கம்பியையும் இழுக்கும் அமைப்பு கடையில் கிடைக்கிறது. அதில் பின்பிரேக் ஒரு மயிரிழை முன்னதாகப் பிடிக்கும்படி கம்பியை இறுக்க வேண்டும். முன்பிரேக் முந்தினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். வலது கையின் மிச்சப் பகுதி ஹேண்டிலில் ஊன்றிக்கொள்ள ரப்பர் சுற்றிய ஒரு கிண்ணம். கட்டிப்போடவில்லை. விழுந்தால் கை சைக்கிளோடு மாட்டிக்கொள்ளக் கூடாது.

தை மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வெயில் மட்டுமல்ல. அப்போது வடகிழக்குக் காற்று, தெற்கே போகிறவர்களுக்கு முதுகில் அடிக்கும். ஆடியில் கிளம்பினால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிர்க்காற்று சைக்கிளையே நிறுத்திவிடும். அங்கே முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மா அல்ல.

விடிவதற்கு முன் கிளம்பி, பத்து மணிக்குள் ஓட்டத்தை முடித்துவிடுவோம். கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலை, பிறகு விழுப்புரம், அங்கிருந்து நான்கு வழிச்சாலையில் உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, மேலூர், மதுரை. ரோட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு வழிச்சாலையின் ஓரத்தில் வெடித்த லாரி டயரின் மெல்லிய கம்பித் துண்டுகள் கிடக்கும், எங்கள் பஞ்சர்களில் பெரும்பாலானவை அதனால்தான். டியூபை மாற்றும் முன் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பாருங்கள், கம்பி அங்கேயே இருக்கும். எதிர்த்திசையில் வரும் டூவீலர்களுக்கு மருந்து கிடையாது. கொட்டாம்பட்டியில் பழநிக்கு நடந்துபோகும் தைப்பூசக் கூட்டம் எங்களை நிறுத்தி மோர் கொடுத்தது. ஒரு ஆச்சி என் செயற்கைக் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல கொப்புளம் வராதுல்ல, குடுத்து வச்சவன்" என்றார். அவர் காலெல்லாம் கொப்புளம்.

ஆனால் கொப்புளம் வரும். செயற்கைக் காலில் அல்ல, அதற்குள் இருக்கும் ஸ்டம்பில், அதாவது எடுத்தது போக மிச்சமிருக்கும் காலில். 700 கிலோமீட்டரில் எங்களுக்கு எதிரி அதுதான், ரோடு அல்ல.

பதினைந்து இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று காலைக் கழற்றுவோம். ஸ்டம்புக்கு மேல் மாட்டும் சிலிகோன் உறையான லைனரைத் திருப்பினால் வேர்வை வடியும். உடம்பின் ஒரு பகுதி இல்லாததால் மிச்ச உடம்பு அதிகமாக வேர்க்கும். உலர்ந்த துணியால் ஸ்டம்பையும் லைனரையும் துடைத்து, ஐந்து நிமிடம் காற்றாட விட்டு, ஒரு சின்ன முகம்பார்க்கும் கண்ணாடியால் முழங்காலின் பின்பக்கத்தையும் நுனியையும் பார்ப்போம். சிவப்புத் தடம் இருந்தால் பயமில்லை. இருபது நிமிடம் கழித்தும் மறையாத சிவப்பு இருந்தால் அன்றைக்கு அந்த ஆள் வண்டியில் ஏற வேண்டும். இதை யாரும் விவாதிக்கக் கூடாது என்று கிளம்பும் முன்பே பேசி வைத்திருந்தோம். பேசி வைக்காவிட்டால் ஆளாளுக்கு வீரம் வந்துவிடும்.

ஸ்டம்ப் ஒரே அளவில் இருக்காது. காலையில் பருத்திருக்கும், ஓட்ட ஓட்ட வற்றும். வற்றினால் கால் சாக்கெட்டுக்குள் ஆழமாக இறங்கி எலும்பு நுனி அடியில் இடிக்கும். அதற்குத்தான் ஸ்டம்ப் சாக்ஸ். ஒன்று, மூன்று, ஐந்து பிளை என்று தடிமன்களில் கிடைக்கும், நின்ற இடத்தில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். சாக்ஸுக்கு மேல் சாக்ஸாகப் பத்துப் பிளையைத் தாண்டுகிறது என்றால் சாக்ஸ் போதாது, சாக்கெட்டையே மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. இரவில் காலைக் கழற்றியதும் இறுக்க உறையைப் போடாமல் தூங்கினால் காலையில் ஸ்டம்ப் வீங்கி சாக்கெட்டுக்குள் நுழையாது. லைனர் இரண்டு வேண்டும். ஒன்றை மென்மையான சோப்பில் கழுவி, சோப்பு போக அலசி, நிழலில் காய வைத்துவிட்டு மற்றதை மாட்டலாம். வெயிலில் போட்டால் சிலிகோன் கெடும். உள்ளே பவுடர் கொட்டாதீர்கள், வேர்வையோடு சேர்ந்து கட்டியாகி அதுவே அறுக்கும். ஸ்டம்பில் முடி இருந்தால் சவரம் செய்யாதீர்கள். வெட்டிய முடி தோலுக்குள் வளர்ந்து சீழ் பிடிக்கும்.

இனி வார்டு.

முதலில் போன ஊர்களில் ஒன்றில் எங்களுக்கு மேடை போட்டிருந்தார்கள். பேனர், சால்வை, மைக். கை கால் எடுத்த நோயாளிகளைச் சக்கர நாற்காலிகளில் உட்கார வைத்து வெயிலில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். நான் மைக்கில் நம்பிக்கை, விடாமுயற்சி என்று பேசினேன். கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெரியவர், கால் எடுத்து இன்னும் தையல்கூடப் பிரிக்காதவர், என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"சைக்கிள் ஓட்டுறீங்க, சந்தோஷம் தம்பி. எனக்கு எழுந்து ஒண்ணுக்குப் போக ஆள் வேணும். அதைப் பத்தி ஏதாவது தெரியுமா?"

தெரியும். நானும் அந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தவன்தானே. அந்த நாற்காலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேசிய அரைமணி நேரம்தான் அன்றைக்கு நடந்த உருப்படியான வேலை. ராத்திரி தங்கிய இடத்தில் தங்கை கறாராகச் சொல்லிவிட்டாள்: "அண்ணா, இனிமே மைக் வேணாம். கட்டிலுக்குப் பக்கத்துல போய் உக்காருவோம்."

அதற்குப் பிறகு முறையை மாற்றினோம். முன்கூட்டியே டீனுக்கோ கண்காணிப்பாளருக்கோ கடிதம் கொடுத்து, வார்டு சிஸ்டரிடம் நேரம் கேட்டு, இரண்டு இரண்டு பேராக உள்ளே போவோம். கை கழுவிவிட்டுத்தான் நுழைவது. புண் பழுத்தவர்கள் இருக்கும் அறைக்கு ஆசிரியர் வர மாட்டார், சர்க்கரைக்காரர். போட்டோ கிடையாது. போனதும் ஸ்டூலில் உட்கார்ந்து காலைக் கழற்றி நோயாளியின் கையில் கொடுத்துவிடுவேன். எடை பார்ப்பார்கள், உள்ளே கை விடுவார்கள், லைனர் நுனியில் இருக்கும் பின் (பூட்டும் ஊசி) 'கிளிக்' என்று பூட்டும் சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். என் ஸ்டம்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். தங்கள் கட்டைப் பார்க்கவே பயந்துகொண்டிருந்தவர்கள் இன்னொருவர் ஸ்டம்பை அமுக்கிப் பார்த்தபின் தங்களுடையதைப் பார்ப்பார்கள். கேள்விகள் அதற்குப் பிறகு வரும்.

அதிகம் கேட்டது கக்கூஸ் பற்றித்தான். வீட்டில் இந்தியன் டாய்லெட் இருப்பவர்கள் நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியை மேலே வைத்துக்கொள்ளலாம். சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி அடிக்கக் கொத்தனாருக்கு ஒருமணி நேர வேலை. குளிக்கும்போது செயற்கைக் கால் இருக்காது, ஆகவே ஸ்டூலில் உட்கார்ந்துதான். ஈரத் தரையில் ஆளை வீழ்த்துவது ஊன்றுகோலின் நுனி. அந்த ரப்பர் புஷ் தேய்ந்து மொழுமொழுவென்று ஆனபின்னும் வருடக்கணக்கில் மாற்றாமல் வைத்திருப்பவர்கள்தான் அதிகம்.

அடுத்தது, யாரும் கேட்காமலே நாங்கள் சொன்னது. அரைத்தூக்கத்தில் எழுந்து, கால் இருக்கிறது என்ற நினைப்பில் இறங்கி விழுவது. கால் எடுத்த எல்லோருக்கும் இந்த ஆபத்து உண்டு. விழுந்தால் தையல் பிரியும். இறங்கும் பக்கத்தில் கட்டிலை ஒட்டி ஒரு நாற்காலியைப் போட்டு வைத்தால் கை அதில் இடிக்கும், விழிப்பு வந்துவிடும்.

இதைவிட முக்கியம் தலையணை. கூட இருக்கும் அம்மாவோ மனைவியோ பாசத்தில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பார்கள். நோயாளிக்கும் சுகமாக இருக்கும். வாரக்கணக்கில் அப்படியே கிடந்தால் முழங்கால் மடங்கியபடியே இறுகிப்போகும், பிறகு எவ்வளவு நல்ல செயற்கைக் கால் கிடைத்தாலும் போட்டு நேராக நிற்க முடியாது. முட்டியை நீட்டியே வையுங்கள். ஏ.கே.காரர்கள் டாக்டர் அனுமதித்ததும் தினமும் சில முறை இருபது நிமிடம் குப்புறப்படுக்க வேண்டும், இல்லையென்றால் இடுப்பு மூட்டு முன்பக்கமாக இறுகும். பிசியோதெரபிஸ்டுகள் இதைச் சொல்லத்தான் செய்கிறார்கள். ஆனால் சொல்லும் நேரத்தில் நோயாளி கேட்கும் நிலையில் இருப்பதில்லை, தலையணை வைக்கும் அத்தை அப்போது டீ வாங்கப் போயிருப்பார். நாங்கள் போகும்போது கூட இருப்பவர்களையும் உட்கார வைத்தே பேசினோம்.

திருநெல்வேலியில் ஒரு இளைஞன், டிராக்டர் விபத்து. யாரோடும் பேசுவதில்லை என்று சிஸ்டர் சொன்னார். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். கடைசியில் தணிந்த குரலில் கேட்டான்: "அண்ணாச்சி, இல்லாத காலு அரிக்குமா?" அரிக்கும், எனக்கு இன்னும் சில ராத்திரி கட்டை விரலை யாரோ முறுக்குகிற மாதிரி இருக்கும் என்றேன். அவன் முகம் மாறியதை எப்படிச் சொல்வது. பைத்தியம் பிடிக்கிறது என்று நினைத்து வீட்டில்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறான். இதற்கு நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் அமெரிக்காவில் ஒரு எளிய வழி கண்டார். இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு கண்ணாடியை நிறுத்தி, நல்ல கால் அதில் தெரியும்படி உட்கார வேண்டும். நல்ல காலை அசைத்தால், இல்லாத கால் அசைவதாகக் கண்ணுக்குத் தெரியும். மூளை அதை நம்பி முறுக்கைத் தளர்த்துகிறது. எல்லோருக்கும் கேட்பதில்லை. வலி விடாமல் இருந்தால் மாத்திரைகளும் உண்டு, டாக்டரிடம் வாய்விட்டுச் சொன்னால் போதும். மறுநாள் காலை கிளம்பும் முன் மச்சானை ஒரு நீளக் கண்ணாடி வாங்கி வரச் சொல்லி அந்த வார்டில் கொடுத்துவிட்டு வந்தோம்.

நான் எதிர்பார்க்காத ஒரு கேள்வி: "கோயிலுக்குள்ள இதைப் போட்டுட்டுப் போகலாமா?" போகலாம். நான் திருவண்ணாமலையிலும் போனேன், மதுரையிலும் போனேன், ஒருவரும் தடுக்கவில்லை. சிக்கல் வேறு. செயற்கைக் கால் எந்தச் செருப்பின் குதி உயரத்துக்கு அமைக்கப்பட்டதோ அதைக் கழற்றினால் உடம்பு பின்னுக்குச் சாயும், முட்டி பின்பக்கமாக விலகும். நம் ஊரில் வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் வெறுங்கால்தான். ஆகவே அளவெடுக்கும்போதே "வெறுங்காலோட நடப்பேன்" என்று சொல்லிவிட வேண்டும். ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைக் கலைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் 1968இல் ரப்பர் பாதத்தை உருவாக்கியதே இதற்காகத்தான்: செருப்பில்லாமல் நடக்க, வயலில் இறங்க, சம்மணம் போட, குந்தி உட்கார. வெளிநாட்டுக் கார்பன் பாதம் ஓடுவதற்கு அருமையாக இருக்கும், குந்த விடாது. யாருக்கு எது என்பது அவரவர் பிழைப்பைப் பொறுத்தது. விலை சில ஆயிரத்திலிருந்து லட்சங்கள் வரை போகிறது. விலை அதிகமானால் பொருத்தம் நன்றாக இருக்கும் என்று பொருளில்லை. பொருத்தம் சாக்கெட்டில் இருக்கிறது, சாக்கெட் அளவெடுக்கிறவர் கையில் இருக்கிறது.

பெண்கள் எங்களிடம் கேட்கவில்லை, தங்கையை வராண்டாவுக்குக் கூட்டிப்போய்க் கேட்டார்கள். ஒற்றைக் கையால் புடவை கட்டுவது, பிள்ளைக்குத் தலை பின்னுவது, மாதவிலக்கு நாட்கள். நோயாளிகளின் மனைவிகளும் வந்தார்கள். அவர் எரிந்து எரிந்து விழுகிறார், இது மாறுமா என்று. கல்லூரிப் பெண் ஒருத்தி செயற்கைக் காலில் கொலுசு போடலாமா என்று கேட்டாளாம். தங்கை அதற்குச் சொன்ன பதில்: "ரெண்டு காலுக்கும் போடு. ஒண்ணுலதான் அழுக்குப் பிடிக்கும்." குழுவில் பெண் இல்லாமல் கிளம்பியிருந்தால் இந்தப் பாதி உலகம் எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

பணம் பற்றியும் கேட்பார்கள். தையல் ஆறி, வீக்கம் வடிந்து, ஸ்டம்ப் ஒரு நிலைக்கு வந்தபிறகே கால் அளவெடுக்க முடியும், அதற்கு வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். அந்த இடைவெளியில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான வேலையைத் தொடங்கிவிடுங்கள் என்றோம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் செயற்கைக் கால் இலவசமாகக் கிடைக்க வழி இருக்கிறது. முதல் வருடத்தில் ஸ்டம்ப் மிகவும் சுருங்கும், ஆகவே முதல் கால் நிரந்தரமல்ல; கடன் வாங்கி விலை உயர்ந்த காலை முதலிலேயே வாங்கிவிட வேண்டாம்.

ஆசிரியர் திருச்சியோடு ஓட்டத்தை நிறுத்திக்கொண்டார். இருக்கும் வலது காலின் சுண்டு விரலில் ஷூ உரசி ஒரு சின்னச் சிவப்பு. வலியே இல்லை, அவருக்கு அங்கே உணர்ச்சி கம்மி. கண்ணாடியில் பார்த்ததால் தெரிந்தது. வேறு யாராவது இருந்தால் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு ஓட்டியிருப்பார்கள். அவர் சைக்கிளை வண்டியில் ஏற்றிவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். ஆனால் அதற்குப் பிறகு வந்த ஊர்களில் அதிகம் பேசியவர் அவர்தான். சர்க்கரை வார்டில் நேராக விஷயத்துக்கு வருவார்: "நான் ஓட்டி வரலை, பாதியில ஏறிட்டேன். ஏன்னு கேளுங்க." பிறகு ஷூவைக் கழற்றி அந்த விரலைக் காட்டுவார். தினமும் உள்ளங்காலைப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கண்ணாடியை வைத்துப் பாருங்கள், கால் ஆணியைப் பிளேடால் வெட்டாதீர்கள், வீட்டுக்குள்ளும் செருப்பு, ஷூ போடும் முன் உள்ளே கைவிட்டுக் கல் இருக்கிறதா என்று தடவுங்கள். ஒரு காலை ஏற்கெனவே இழந்தவர் இன்னொன்றை எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறார் என்று பார்க்க அந்த வார்டுகளில் ஆட்கள் கட்டிலை விட்டு எழுந்து வந்தார்கள். எங்கள் நான்கு பேரில் நோயாளிகளுக்கு அதிகம் பயன்பட்டவர் குறைவாக ஓட்டியவர்.

மதுரைக்குத் தெற்கே சாலை நேராகவும் காற்று சாதகமாகவும் இருந்தது. சாத்தூர்க் காராச்சேவும் கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் சைக்கிள்காரர்களுக்கென்றே செய்த மாதிரி. கடலை மிட்டாயை ஆசிரியர் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டே வந்தார், சர்க்கரை இறங்கினால் கொடுக்க இரண்டு மட்டும் மச்சான் சட்டைப் பையில் இருந்தன. முப்பந்தலில் பக்கவாட்டுக் காற்றில் தங்கை ஒற்றைக் கையால் ஹேண்டிலைப் பிடிக்கத் திணறினாள், நான் காற்று வரும் பக்கமாக ஓட்டிக்கொண்டு மறைத்தேன். ஆரல்வாய்மொழி, தோவாளை, நாகர்கோவில். கன்னியாகுமரியில் கடலைப் பார்த்தோம், டீ குடித்தோம், அன்று மாலையே ரயில்.

திரும்பி வந்தபின் எங்கள் எண்ணுக்கு இன்னும் அழைப்புகள் வருகின்றன. சைக்கிள் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. மழையில் லைனர் காய மாட்டேன் என்கிறது. சாக்கெட் உள்ளே 'புஸ்' என்று சத்தம் வருகிறது, ஆபீஸில் வெட்கமாக இருக்கிறது. மாடிப்படி இறங்கும்போது எந்தக் கால் முதலில்? (இறங்கும்போது செயற்கைக் கால், ஏறும்போது நல்ல கால்.) திருநெல்வேலித் தம்பி அழைத்தான், கால் அளவெடுத்துவிட்டார்களாம். கண்ணாடி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டதாம்.

அடுத்த தைக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் வைக்கப் போவதில்லை, மிச்ச நேரம் வார்டுக்கு. பேனர் அடிக்கும் காசில் ஊன்றுகோல் ரப்பர் புஷ் ஒரு மூட்டை வாங்குவதாக மச்சான் ஏற்றுக்கொண்டிருக்கிறான். குழாயின் தடிமனுக்கு ஏற்ப இரண்டு மூன்று அளவுகளில் வாங்க வேண்டும், ஒரே அளவில் வாங்கினால் பாதிப் பேருக்குச் சேராது.